நம்பிக்கையும் நோயாளியின் பழியும்: நற்செய்தி நூல்களின் குணமாக்கல் நிகழ்ச்சிகளை வாசித்தல்

நோயுற்ற ஒருவருக்காகப் பலர் கூடி இறைவேண்டல் செய்கின்றனர், நோய் தீரவில்லை. அவ்விடத்துக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று, நோயாளியிடம் போதிய விசுவாசம் இல்லை என்பதாகும். இவ்விளக்கம் கூறப்பட்ட அளவிலேயே நோயாளியின் நிலை மாறிவிடுகிறது. அதுவரை துன்புற்றவராக இருந்தவர் குற்றமுற்றவர் ஆகிறார்; உடல்நோயோடு பழியையும் சுமக்கிறார். மருந்தைக் கைவிடுதலே விசுவாசத்திற்குச் சான்று என்றும் அவரிடம் கூறப்படுமாயின் அப்பழி உயிரிழப்பில் முடிதலும் உண்டு. அமெரிக்காவில் 1975 முதல் 1995 வரை சமய நம்பிக்கை காரணமாக மருத்துவம் மறுக்கப்பட்டு இறந்த குழந்தைகள் 172 பேரைப் பற்றிய மருத்துவ ஆய்வு ஒன்று 1998இல் வெளியாயிற்று. அவர்களுள் 140 பேருக்கு வந்த நோய்கள், உரிய மருத்துவம் கிடைத்திருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் பிழைக்கக்கூடியவை என்று அவ்வாய்வு கண்டது.

இவ்விளக்கத்தைத் தருவோர் அனைவரும் வஞ்சகர் அல்லர் என்பதே சிக்கலைக் கடினமாக்குகிறது. வஞ்சகத்தை வெளிப்படுத்துதல் ஒப்பளவில் எளிது. பீட்டர் பாப்பாஃப் என்னும் அமெரிக்கப் பரப்புரையாளர் காதில் மறைத்துவைத்த வானொலிக் கருவி வழியாக நோயாளிகளைப் பற்றிய செய்திகளைக் கேட்டறிந்து, அவற்றை இறைவெளிப்பாடு போல மேடையில் கூறியதை 1986இல் ஜேம்ஸ் ராண்டி ஒலிப்பதிவு கொண்டே மெய்ப்பித்தார். ஆனால் திருமறையை உண்மையாகவே நம்பி, அதனையே ஆதாரமாகக் காட்டி நோயாளியைக் குறைகூறுவோரிடம் கைப்பற்றுதற்குக் கருவி எதுவும் இல்லை. அவர்முன் பனுவலையே எடுத்துவைக்க வேண்டும். அப்பணியில் மொழியும் இலக்கியமும் பயின்றோர்க்கும் பங்குண்டு.

அற்புதம் நிகழக்கூடுமா என்னும் வினா, டேவிட் ஹியூம் 1748இல் எழுதிய கட்டுரைக்குப் பின் மெய்யியலில் நெடுங்காலம் வாதிக்கப்பட்டுவருவது. இக்கட்டுரை அதனுள் புகவில்லை. அற்புதத்தை ஏற்பவர்க்கும் மறுப்பவர்க்கும் பொதுவான அறவினா ஒன்றே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது: குணமடையாத நோயாளியைக் குற்றவாளியாக்க நற்செய்தி நூல்கள் இடந்தருகின்றனவா?

சொல்லும் பொருளும்

தமிழில் 'அற்புதம்' என்று பொதுவாகச் சுட்டப்படுவதற்குக் கிரேக்க மூலத்தில் ஒரே சொல் வழங்கவில்லை. முதல் மூன்று நற்செய்திகளிலும் 'டுனாமிஸ்' என்னும் சொல் பெரிதும் பயில்கிறது. ஆற்றல் என்பது அதன் பொருள். யோவான் நற்செய்தி 'செமெயோன்', அதாவது அடையாளம், என்னும் சொல்லை விரும்பி ஆள்கிறது. பழைய திருப்புதல் முன்னதைப் 'பலத்த செய்கை' என்றும், 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 'வல்ல செயல்' என்றும் பெயர்க்கின்றன. வியப்பு என்னும் பொருள் இவ்விரு கிரேக்கச் சொற்களிலும் முதன்மையாக இல்லை. 'அற்புதம்' என்ற வடசொல்லோ வியப்பையே முன்னிறுத்துவது. காண்போர் வியப்பதற்காகச் செய்யப்பட்டவை என்ற எண்ணம் தமிழ் வாசகரிடம் வேரூன்றுதற்கு இச்சொல்லும் ஒரு காரணமாகலாம். மாற்கு நற்செய்தியிலோ குணம்பெற்றோர் பலரிடம் இதனை எவர்க்கும் சொல்லாதே என்றே கட்டளையிடப்படுகிறது (1:44, 5:43, 7:36). இக்கட்டளைகளையும் குணமாக்கல் கூட்டங்களுக்கான சுவரொட்டிகளையும் அருகருகே வைத்து நோக்குதல் பயனுடையது.

இதனினும் இன்றியமையாத சொல் 'சோட்சோ' என்பது. காத்தல், மீட்டல், நலமாக்கல் என்னும் பொருள்களெல்லாம் அதற்கு உண்டு. நம்பிக்கையே காத்தது என்று இயேசு கூறும் தொடர் இவ்வினையைக் கொண்டே அமைகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் உதிரப்போக்கினால் வருந்திய பெண்ணிடமும் (மாற்கு 5:34), பார்வையற்ற பர்த்திமேயுவிடமும் (மாற்கு 10:52), குணமான தொழுநோயாளர் பதின்மருள் திரும்பிவந்த ஒருவனிடமும் (லூக்கா 17:19) அது கூறப்படுகிறது. நான்காவதாக ஓர் இடம் உண்டு. பரிசேயன் ஒருவனது வீட்டில் இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்த பெண்ணிடமும் இதே தொடர் கூறப்படுகிறது (லூக்கா 7:50). அவளுக்கு நோய் இருந்ததாக லூக்கா கூறவில்லை. எனவே இத்தொடர் நோய் தீர்க்கும் வாய்பாடு அன்று.

பழைய திருப்புதல் இவ்விடங்களில் 'இரட்சித்தல்' என்னும் வினையைப் பேணுவதால் தொடரின் ஒருமை தமிழிலும் புலப்படுகிறது. ஆயின் உடல்நலம் என்னும் பொருள் மங்குகிறது. புதிய மொழிபெயர்ப்பு நோயைப் பற்றிய இடங்களில் நலம், குணம் முதலிய சொற்களை ஆள்கிறது. பொருள் தெளிவாகிறது, நான்கும் ஒரே தொடர் என்பது மறைந்துவிடுகிறது. ஏதேனும் ஒன்றை இழக்காமல் பெயர்க்க இயலாத இடம் இது. எனினும் நம்பிக்கை நோயைக் குணமாக்கும் என்று மட்டும் படித்த ஒருவர், நோயே இல்லாத பெண்ணிடமும் இது கூறப்பட்டது என்பதை அறிய வாய்ப்பில்லை என்பதை மறுத்தல் அரிது.

தொடர் கூறப்படும் காலமும் நோக்கத்தக்கது. உதிரப்போக்குடைய பெண் ஆடையைத் தொட்டாள், உடனே நலமடைந்தாள், அதனைத் தன் உடலிலேயே உணர்ந்தாள். பின்னரே இயேசு திரும்பி யார் தொட்டது என்கிறார். அவள் நடுங்கி வந்து உண்மை முழுவதையும் கூறிய பின்னரே அத்தொடர் வருகிறது. கிரேக்கத்தில் அவ்வினை, முடிந்து நிலைபெற்ற செயலைக் குறிக்கும் வடிவில் உள்ளது. நலமாவதற்கு முன்விதிக்கப்பட்ட நிபந்தனையாக அதனைக் கொள்ள இயலாது. கூட்டத்தில் மறைந்து வந்து, தீட்டுடையவள் என்று அஞ்சி நின்ற ஒருத்தியைப் பலர்முன் மகள் என்று அழைத்துப் பெருமைப்படுத்தும் பேச்சு அது. ஆற்றல் ஆடையினதும் அன்று, திருட்டுத்தனமான தொடுகையினதும் அன்று. உன் நம்பிக்கையே என்று அவளுக்குரிய சிறப்பை அவளிடமே ஒப்படைக்கிறது. அதே தொடர் பிற்காலத்தில் மற்றொரு நோயாளியின் முகத்துக்கு நேரே குற்றச்சாட்டாக நீட்டப்படுகிறது.

யாருடைய நம்பிக்கை?

குணமான எல்லாரிடத்தும் நம்பிக்கை இருந்ததா என்று தேடினால் கிடைக்கும் விடை வியப்பளிப்பது. பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகள் நோயுற்றிருந்தவன் குணமாக வேண்டும் என்று கேட்கவுமில்லை. குணமான பின்னும் தன்னைக் குணமாக்கியவர் யார் என்று அறியாதிருக்கிறான் (யோவான் 5:13). நாயீன் ஊர்க் கைம்பெண்ணின் மகனோ பாடையில் கிடந்தவன். இயேசுவைப் பிடிக்க வந்தோருள் ஒருவனாகிய தலைமைக் குருவின் பணியாளனது காது வெட்டப்பட்டபோது, அதுவும் தொட்டு நலமாக்கப்படுகிறது (லூக்கா 22:51). அவனிடம் இருந்தது நம்பிக்கை என்று கூற எவரும் துணியார். தொழுநோயாளர் பதின்மரும் தூய்மையடைந்தனர். நம்பிக்கை பற்றிய சொல் ஒருவனுக்கே கிடைத்தது.

மற்றும் சில இடங்களில் நம்பிக்கை உண்டு, ஆனால் அது நோயாளியினுடையது அன்று. கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்றவனைக் கூரையைப் பிரித்து இறக்கிய நால்வரின் நம்பிக்கையைக் கண்டே இயேசு பேசினார் என்கிறது மாற்கு (2:5). வலிப்புற்ற சிறுவனின் நிகழ்ச்சி (மாற்கு 9:14–29) இன்னும் கூர்மையானது. சீடர்களால் குணமாக்க இயலவில்லை. தந்தை நம்பிக்கையும் ஐயமும் கலந்த நிலையில், தன் நம்பிக்கையின்மைக்கே உதவி வேண்டுகிறார்; அந்த அரைகுறை வேண்டல் ஏற்கப்படுகிறது. தோல்விக்குக் காரணம் சிறுவனும் அல்லன், தந்தையும் அல்லர். இதே நிகழ்ச்சியைக் கூறும் மத்தேயு, நம்பிக்கைக் குறைவு சீடர்களுடையது என்று வெளிப்படையாகவே எழுதுகிறார் (17:20).

மத்தேயு ஆளும் ஒரு சொல் இங்குத் தனியே எண்ணிப்பார்க்கத்தக்கது. பழைய திருப்புதல் 'அற்பவிசுவாசி' என்று பெயர்க்கும் அச்சொல், உணவு உடை பற்றிய கவலையைக் கண்டிக்கும் இடத்திலும் (6:30), புயலில் அஞ்சிய சீடரிடத்தும் (8:26), நீரில் அமிழ்ந்த பேதுருவிடத்தும் (14:31), அப்பம் கொண்டுவர மறந்த சீடரிடத்தும் (16:8) வருகிறது. நோயாளி எவரையும் நோக்கி ஒருமுறையேனும் அச்சொல் வழங்கப்படவில்லை. இன்று அதனை நோயாளியின் கட்டிலருகே கேட்க முடிகிறது என்றால் அது பனுவலிலிருந்து வந்த வழக்கு அன்று. யாக்கோபின் திருமுகத்திலும் (5:14–15) நோயாளி செய்யவேண்டியது மூப்பரை அழைத்தல் மட்டுமே. விசுவாசமுள்ள வேண்டல் மூப்பர்களின் பொறுப்பு. எண்ணெய் பூசி வேண்டியும் குணமாகவில்லையெனில் எவருடைய நம்பிக்கையை ஐயுறுவது என்ற வினா எழுமாயின், அது வேண்டியவரை நோக்கியே முதலில் திரும்ப வேண்டும். நடைமுறையில் அவ்வாறு திரும்புவதில்லை.

தருக்கத்தின் பிழை

'குணமடைந்தவரிடம் நம்பிக்கை இருந்தது' என்பது நற்செய்தி நூல்களின் சில நிகழ்ச்சிகள் தரும் செய்தி. 'நம்பிக்கை உள்ளவிடத்துக் குணம் உண்டு' என்பது அதனைத் தலைகீழாக்கிப் பொதுவிதியாக்கியது. 'குணம் இல்லாதவிடத்து நம்பிக்கை இல்லை' என்பது இவ்விதியிலிருந்து பெறப்படும் எதிர்மறை. இறுதிப் படியை மட்டும் நோக்கினால் அதில் பிழை இல்லை. அதனாலேயே கேட்போர் மறுமொழியின்றி நிற்கின்றனர். பிழை இரண்டாம் படியில் ஒளிந்துள்ளது. மணிமேகலையின் 'தவத்திறம் பூண்டு தருமங் கேட்ட காதை' எடுத்துக்காட்டுப் போலிகளை வகுக்கும்போது விபரீதான்னுவயம் என்னும் ஒன்றைக் கூறுகிறது. உடனிகழ்ச்சியை முன்பின்னாக மாற்றியுரைக்கும் குற்றம் அது. நோயாளியைப் பழிக்கும் வாதம் இக்குற்றத்தோடு ஒத்தது. முதற்படியும் எல்லா இடத்தும் பொருந்தாது என்பதைப் பெதஸ்தாக் குளத்து மனிதனே காட்டிவிட்டான்.

குணமாக்கல் நிகழ்ச்சி என்பது விதியை நிறுவும் சான்று அன்று, அருளை எடுத்துரைக்கும் கதைவடிவம் என்பது தமிழ் வாசகர்க்குப் புதிதன்று. திருநாவுக்கரசரின் சூலை திருவதிகையில் நீங்கியதைச் சேக்கிழார் பாடுகிறார். சூலை நீங்காதோர் அனைவரும் அன்பில்லாதோர் என்று விதி வகுப்பது அப்புராணத்தின் நோக்கம் அன்று.

எதிர்நிற்கும் இடங்கள்

மேற்கூறிய வாசிப்புக்கு எதிராக எடுத்துக்காட்டப்படும் இடங்களும் உள. அவற்றை மறைத்தல் நேர்மையாகாது. நாசரேத்தில் நம்பிக்கையின்மை காரணமாக வல்ல செயல்களைச் செய்ய இயலவில்லை என்ற மாற்குவின் கூற்று (6:5–6) அவற்றுள் வலியது. ஆயின் அங்கு நம்பாதவர்கள், தச்சன்தானே என்று இகழ்ந்த ஊரார். அதே வரி, உடல்நலமற்றோர் சிலர்மேல் கைவைத்துக் குணமாக்கியதையும் விலக்காகக் கூறுகிறது. வந்த நோயாளி எவரும் நம்பிக்கை போதாமையால் திருப்பியனுப்பப்பட்டதாக மாற்கு கூறவில்லை. பார்வையற்ற இருவரிடம் நம்புகிறீர்களா என்று கேட்டு, அவர்களது நம்பிக்கையின்படியே ஆகுக என்ற இடம் (மத்தேயு 9:28–29) உண்மையிலேயே நம்பிக்கையைக் குணத்தோடு பிணைக்கிறது. எனினும் அது கேட்ட இருவர்க்குக் கிடைத்த விடை, கேளாத எல்லார்க்கும் விதித்த அளவுகோல் அன்று.

நோய்க்குப் பாவமே காரணமா என்னும் வினாவில் யோவான் நற்செய்தி எளிதில் ஒருமுகப்படுவதில்லை. பிறவியிலேயே பார்வையற்றவனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது இருவர் பாவமும் அன்று என்று விடை வருகிறது (9:3). முப்பத்தெட்டாண்டு நோயாளியிடமோ, இனிப் பாவம் செய்யாதே, இதனினும் கேடானது நேரலாம் என்ற எச்சரிக்கை உண்டு (5:14). இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு முதலாவதைக் கைவிடுவோர், யோபுவின் நண்பர்கள் அமர்ந்த இருக்கையிலேயே அமர்கின்றனர். அந்நூலின் இறுதியில் கண்டிக்கப்படுவோர் அந்நண்பர்களே.

மாற்கு நற்செய்தியின் இறுதிப் பகுதி (16:9–20) வேறுவகைச் சிக்கல். நம்புவோர் பாம்புகளைப் பிடிப்பர், நஞ்சு அவர்களைத் தீண்டாது, நோயாளிகள்மேல் கைவைப்பர் என்னும் கருத்துகள் இங்கு உள. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் இப்பகுதி இல்லை. பிற்சேர்க்கை என்பதே விவிலிய ஆய்வாளர் பெரும்பான்மையோர் முடிவு. பாடவேறுபாடும் இடைச்செருகலும் பதிப்பாசிரியரின் தனிப்பட்ட கவலை என்று எண்ணுவோர்க்கு இவ்விடம் எடுத்துக்காட்டத்தக்கது. இப்பகுதியை அப்படியே கடைப்பிடித்து, அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதிச் சபைகளில் பாம்பு பிடிக்கும் வழிபாட்டைப் பரப்பிய ஜார்ஜ் வென்ட் ஹென்ஸ்லி 1955இல் பாம்பு கடித்தே இறந்தார்.

மருந்தும் வேண்டலும்

மருந்தை மறுப்போர் ஆசா மன்னனைச் சுட்டுவர். கால்களில் நோயுற்றபோது ஆண்டவரைத் தேடாமல் மருத்துவரை நாடினான் என்று குறிப்பேடு கூறுகிறது (இரண்டாம் குறிப்பேடு 16:12). மருத்துவரை நாடியது குற்றமா, ஆண்டவரைத் தேடாதது குற்றமா என்பதை அவ்வரியைக் கொண்டு மட்டும் முடிவுசெய்ய இயலாது. ஆனால் எசேக்கியா மன்னன் நோயுற்றபோது எசாயா இறைவாக்கினரே அத்திப்பழ அடையைப் புண்ணின்மேல் வைக்கச் சொல்கிறார். கத்தோலிக்கத் திருமுறையில் உள்ள சீராக்கின் ஞானநூல் (38ஆம் அதிகாரம்) மருத்துவரை மதிக்கவும் அவருக்கு இடமளிக்கவும் பணிக்கிறது. திமொத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குச் சிறிது திராட்சைமது பரிந்துரைக்கப்படுகிறது. லூக்கா மருத்துவர் என்று கொலோசையர்க்கு எழுதிய திருமுகம் குறிக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என நான்கையும் சேர்த்தே மருத்துவம் என்ற திருக்குறள் மரபில் வந்த வாசகர்க்கு இவற்றில் முரண் எதுவும் தோன்றாது.

மாற்கு உதிரப்போக்குடைய பெண்ணைப் பற்றி ஒன்றை மறைக்காமல் எழுதுகிறார்: மருத்துவர் பலரிடம் துன்புற்று, கைப்பொருள் முழுவதையும் செலவிட்டு, நிலை மேலும் கெட்டவள் அவள். குணமாக்கல் கூட்டங்களுக்குச் செல்வோரை அறியாமையுடையோர் என்று இகழ்வதற்குமுன் இவ்வரியை நினைத்தல் தகும். மருத்துவச் செலவு கடனாகி, கடன் நிலத்தை விழுங்கிய பின்னரே பலர் அங்குச் செல்கின்றனர்.

நோய்ப்பெயரும் தீங்கு செய்யக்கூடும். லேவியர் நூல் கூறும் தோல்நோய் ஆடைகளிலும் வீட்டுச் சுவர்களிலும்கூடத் தோன்றுவது. இன்று அறியப்படும் தொழுநோயோடு அதனை முற்றும் ஒன்றாக்க இயலாது. தமிழில் குஷ்டரோகம், தொழுநோய் என்று பெயர்த்ததால், தூய்மையின்மை என்னும் பழைய சமயக் கருத்து, இன்று மருந்துகளால் முற்றும் குணமாகும் நோய் ஒன்றின்மேல் ஏறிவிட்டது.

சான்றும் காணிக்கையும்

குணமான தொழுநோயாளியைக் குருவிடம் சென்று காட்டு என்கிறார் இயேசு (மாற்கு 1:44). குணமாக்கியவரே குணத்துக்குச் சான்றாவதில்லை. வேறொருவர் ஆராய்ந்து கூறவேண்டும். பிரான்சின் லூர்து நகரில் 1883 முதல் மருத்துவக் குழு குணமடைந்தோரை ஆராய்ந்துவருகிறது. பதிவான ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட முறையீடுகளுள் 2018 பிப்ரவரியில்தான் எழுபதாவது அற்புதத்தைத் திருச்சபை ஏற்றது. இவ்வளவு தயக்கம் ஒரு சமய நிறுவனத்திடம் காணப்படுவது குறிப்பிடத்தக்கது. 2000 செப்டம்பர் 14 அன்று வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிவுறுத்தலும், குணம்வேண்டும் கூட்டங்களில் வெறியுணர்ச்சியும் நாடகத்தன்மையும் கூடா என்கிறது. வேண்டல் மருத்துவத்தை விலக்குவதில்லை என்றும் கூறுகிறது.

இந்தியாவில் 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் விளம்பரத்தைக் கட்டுப்படுத்துகிறது. 2024 பிப்ரவரியில் அசாம் சட்டமன்றம் மாயக் குணமளிப்பைத் தடுக்கும் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. நோயாளிக்காக வேண்டுதல் பரிவின் செயல், அதனை மாயமென்றும் மதமாற்றமென்றும் கொள்ளலாகாது என்று அங்குள்ள கிறித்தவ அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. அவ்வெதிர்ப்பு நியாயமானதே. ஆயின் வேண்டலையும் குணமாக்குவேன் என்னும் உறுதிமொழியையும் வேறுபடுத்தும் பொறுப்பைச் சபைகள் தாமே ஏற்காதவரை, அவ்வேறுபாட்டைச் சட்டம் தன் மொழியில் வரைய முற்படும். அது பரிவையும் சேர்த்தே வெட்டிவிடக்கூடும்.

வேறுபாட்டுக்குரிய அளவுகோல்கள் பனுவலுக்குள்ளேயே கிடைக்கின்றன. சிரியப் படைத்தலைவன் நாமான் குணமானபின் கொடுத்த அன்பளிப்பை எலிசா ஏற்க மறுக்கிறார். பணியாளன் கேகசி பின்னே ஓடி, பொய்யுரைத்து, இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு உடைகளும் பெறுகிறான்; நாமானைவிட்டு நீங்கிய நோய் அவனைப் பற்றுகிறது (இரண்டாம் அரசர் 5). சீடர்களுக்கு, இலவசமாகப் பெற்றதை இலவசமாகவே வழங்கப் பணிக்கப்படுகிறது. தூய ஆவியின் ஆற்றலை விலைக்குக் கேட்ட சீமோனைப் பேதுரு கடிகிறார். குணத்துக்கும் காணிக்கைக்கும் இடையே கணக்கு எழுதப்படும் இடத்தில் ஐயம் கொள்ளுதற்கு இம்மூன்று இடங்களும் போதும்.

குணமாகாதோரைப் பற்றிப் பவுல் எவ்வாறு எழுதினார் என்பதும் காணத்தக்கது. தம் உடலில் தைத்த முள் நீங்கும்படி மும்முறை வேண்டியும் அது நீங்கவில்லை என்று அவரே கூறுகிறார்; தம் நம்பிக்கை குறைவு என்று கூறவில்லை. எப்பப்பிராதித்து சாகுந்தறுவாய்க்குச் சென்று மீண்டான். அதற்கு இறைவனின் இரக்கமே காரணமாகக் கூறப்படுகிறது, அவனது விசுவாசத்தின் அளவு கூறப்படவில்லை. பவுலின் பெயரால் வழங்கும் இரண்டாம் திமொத்தேயு திருமுகத்தின் இறுதியில் (4:20), உடன்பணியாளனாகிய துரோப்பிம் நோயுற்றிருந்ததால் மிலேத்துவில் விட்டுவந்ததாக ஒரு குறிப்பு உள்ளது. ஏன் குணமாகவில்லை என்று திருமுகம் கூறவில்லை. அடுத்த வரி, குளிர்காலத்திற்கு முன் வந்துசேர முயல்க என்று திமொத்தேயுவை அழைப்பதோடு தொடர்கிறது.